அரெஸ்ட் மண்டபத்து மேனேஜர்

கல்யாண மண்டபத்து மேனேஜர் வேலை என்றால் வாரம் ஒரு தடவை பிறத்தியார் வீட்டுக் கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிடுவது என்று நினைத்துத்தான் நானும் இதில் சேர்ந்தேன். மற்ற மண்டபங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். என் மண்டபம் திருச்சி கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதனால் என் விருந்தாளிகளில் பாதிப் பேர் போலீஸ் பஸ்ஸில்தான் வருவார்கள்.

நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். யாராவது ஒரு கோரிக்கையோடு ரோட்டில் உட்காருவார்கள். எழுந்திருக்கச் சொல்லிப் போலீஸ் மூன்று முறை மைக்கில் சொல்லும். எழுந்திருக்க மாட்டார்கள். தூக்கி பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். பெயர், விலாசம் எழுதிக்கொள்வார்கள், மதியம் சாப்பாடு போடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் 'கைது செய்யப்பட்டு மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டனர்' என்று ஒரு வரி வரும். அந்த மண்டபம்தான் நான். பெயர்கூடப் போட மாட்டார்கள்.

மறியலில் நின்றுபோன பஸ்ஸுக்குள் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர்கள் என் கஷ்டத்தில் பாதியைப் புரிந்துகொள்வீர்கள். மீதிப் பாதி பொறாமை. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரே வாசல்

ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபம் இருக்கிறது. அதன் மேனேஜர் வரதன். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே சமையல் காண்ட்ராக்டரிடம் பந்தி விசாரித்தவர்கள். இலையில் சிந்தாமல் சாம்பார் ஊற்றுவதில் நான்தான் கெட்டிக்காரன். இருந்தும் அவருக்கு ஸ்ரீரங்கம் வாய்த்தது, எனக்கு இது வாய்த்தது. அவர் மண்டபத்து வாசலில் வாழைமரம் வாடி நான் பார்த்ததே இல்லை. பழையதை அவிழ்ப்பதற்குள் அடுத்த கல்யாணத்துக்குப் புதியது வந்து இறங்கிவிடும். பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் கிளம்பும்போது வரதன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார்களாம். என் கையை இதுவரை பிடித்தவர்கள் எல்லாம் டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்பதற்காகப் பிடித்தவர்கள்.

ஊரில் இத்தனை மண்டபம் இருக்க, என் மண்டபத்துக்கு மட்டும் ஏன் இந்த ராசி என்று ஏட்டு சவரிமுத்துவிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். கைதானவர்களுக்குக் காவலாக எப்போதும் வருபவர் அவர்தான். நல்ல மனுஷர். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய காம்பவுண்டு சுவரு, பத்து டாய்லெட்டு, ஒரே வாசல். இதைக் கட்டுனவரு கல்யாணத்துக்குன்னு நெனச்சா கட்டியிருப்பாருங்கறீங்க?"

மாம்பழக் கலர் புடவை

எங்கள் மண்டபத்தில் மாடியில் ஒரு சின்ன ஹால் உண்டு. ஒரு நாள் அங்கே வளைகாப்பு. அதே நாள் காலையில் ஏதோ ஒரு சங்கத்துப் பெண்கள் வேலை நிரந்தரம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்து, கைதாகி, கீழ் ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரும் சங்கத்து ஏற்பாட்டில் மாம்பழக் கலர் புடவை. அந்த நேரம் பார்த்து மணப்பாறையிலிருந்து வளைகாப்புக்கு ஒரு வேன் வந்தது. பதினாலு பெண்கள். எல்லோரும் ஒரே மாதிரி கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அதுவும் மாம்பழக் கலர்.

வாசலில் நின்ற பெண் போலீஸ் இரண்டு பேரும் புதுசு. "எல்லாரும் கீழ் ஹாலுக்குப் போங்க" என்று கையைக் காட்டினார்கள். பதினாலு பேரும் சீர்த்தட்டோடு உள்ளே போனார்கள். பெயர், கணவர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டபோது, வீட்டுக்காரர்கள் எவ்வளவு கவனமாக உபசரிக்கிறார்கள் என்று பூரித்துப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். முழக்கம் போட்டபோது கூடச் சேர்ந்து கை தட்டினார்கள். மூன்று மணிக்குக் கிளம்பப் பார்த்தால், ஆறு மணிக்கு மேல்தான் விடுவோம் என்று கதவை மறித்துவிட்டார்கள். மாடியிலிருந்து கர்ப்பிணிப் பெண்ணின் அம்மா, நாத்தனார் வீட்டு ஆட்களை இன்னும் காணோமே என்று தேடிக்கொண்டு இறங்கி வந்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. வேனில் வந்தவர்களில் முறுக்கு டின்னை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "கவனிப்புல ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. ஆனா வளையல் போட வந்தோம், மாசமா இருக்கற பொண்ணை மட்டும் கடைசி வரைக்கும் கண்ணுலயே காட்டலையே?"

பொட்டல் மைதானம்

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், தங்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று மார்க்கெட் வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்த முறைப்படி அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. ஆனால் மார்க்கெட் வாசலில் நடத்தினால் போக்குவரத்துக்கு இடையூறாம். ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் ஒரு பொட்டல் மைதானத்தில், காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள், மைக் இல்லாமல் நடத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர்களும் ஒழுங்காகப் போய் ஒரு மணி நேரம் கத்திவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். யாருக்கும் ஓர் இடையூறும் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவும் இல்லை. அடுத்த வாரம் அனுமதி கேட்கவில்லை. மார்க்கெட் வாசலில் குறுக்கே தக்காளிக் கூடைகளை அடுக்கி நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபது நிமிஷத்தில் பெரிய அதிகாரி வந்தார், போலீஸ் வந்தது, பஸ் வந்தது, கூட்டம் என் மண்டபத்துக்கு வந்தது. பின்னாலேயே கழிப்பறையும் வந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் போலீஸ் என் மண்டபத்தை எடுத்துக்கொள்வதைப் பற்றி மூன்று வருஷமாக மனு கொடுக்கிறேன். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, 'ஆட்சியர் அவர்கள் சமூகம்' என்றெல்லாம் மரியாதையாக எழுதிக் கொடுக்கிறேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அதோடு சரி. கழிப்பறை கிடைத்த சந்தோஷத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர் எனக்கு ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். அந்த மைதானத்து ஆர்ப்பாட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அருமையான எடங்க. எங்க கோரிக்கையை ரெண்டு ஆடு நின்னு கேட்டுச்சு, அதுல ஒண்ணு நோட்டீஸையும் வாங்கித் தின்னுச்சு."

ஹால் டிக்கெட்

விவசாயிகள் தண்ணீர் கேட்டு தஞ்சாவூர் ரோட்டில் உட்கார்ந்த நாள். இரண்டு மணி நேரம் ஒரு வண்டி நகரவில்லை. மத்தியானம் அவர்களை மண்டபத்தில் இறக்கிய கொஞ்ச நேரத்தில், ஓர் இளம்பெண் வேகமாக உள்ளே வந்தாள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் பார்க்கத்தான் போலீசுக்கு உத்தரவு. தானாக உள்ளே வருகிறவர்களை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "இதுல தலைவர் யாரு?" என்று கேட்டாள். பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்றார். அவள் மூச்சு விடாமல் திட்டினாள். மறியலில் நின்ற பஸ்ஸில் இருந்தவள் அவள். அன்றைக்கு அவளுக்கு அரசு வேலைக்கான பரீட்சை. அந்த வேலைக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஓடியிருக்கிறாள். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்து கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். "தப்புதாம்மா. ரெண்டு வருஷமா நாங்க ரோட்டு ஓரமாத்தான் நின்னோம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. நடுவுல வந்து உக்காந்தப்பறந்தான் நீயே எங்களைப் பாக்குற" என்றார். எங்கள் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் செல்வி, ஒரு தட்டில் சாதம் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஊரைக் கேட்க வைக்கிற மாதிரி ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது, நமக்கு, வந்த கூட்டம் உடைத்துவிட்டுப் போன மண்டபத்துக் குழாயைத் தவிரச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று அப்போதுகூட ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வந்தது. அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் சொன்னாள்: "நான் பாத்துட்டேன் தாத்தா. என் ஹால் டிக்கெட்டை இனிமே யாரு பாப்பாங்க?"

காட்டூர் சம்பந்தி

என் மகள் கவிதாவுக்குக் காட்டூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா தங்கராசு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் சும்மா நின்றாலே யாராவது மாலை போட வருவார்கள் போலிருக்கும். கவிதா அவரை முதல் நாளிலிருந்தே 'மாமா, மாமா' என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் தனியாக ஒரு டம்ளரில் சர்க்கரை போடாத காபி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அதே வியாதி வந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக வந்ததில்லை.

பேச்சு மண்டபத்துக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் வரதனுடைய மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி சொன்னார். விசாரித்தால், அந்த முகூர்த்தத்துக்கு அங்கே பெரிய ஹாலை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல், "நம்ம மண்டபம் இருக்கும்போது நமக்கென்னங்க கவலை?" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த மேடையில் என் வீட்டு விசேஷம் ஒன்றுகூட நடந்ததில்லை. கவிதா அங்கே மணவறையில் உட்கார வேண்டும், வரதன் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஓர் ஆசையும் இல்லை. சம்பந்தி வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் மெதுவாக ஒன்றும் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பத்திரிகையில அந்த மண்டபத்துப் பேரைப் பாத்தா, எங்க சொந்தக்காரங்க என்ன கோரிக்கைன்னு கேப்பாங்க."

முன்னெச்சரிக்கை

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சவரிமுத்து வந்தார். கல்யாணத்தன்றைக்கே அமைச்சர் ஒருவர் ஊருக்கு வருகிறார். கறுப்புக்கொடி காட்டப் போவதாக இரண்டு மூன்று சங்கங்கள் அறிவித்திருக்கின்றன. அவர்கள் கொடித்துணி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே, விடிந்ததும் வீட்டிலிருந்து அழைத்துவந்து என் மண்டபத்தில் வைக்கப் போகிறார்கள். இதற்கு முன்னெச்சரிக்கைக் கைது என்று பெயர். "அன்னிக்கு என் பொண்ணு கல்யாணங்க" என்றேன். மேலிடத்து உத்தரவு என்று சவரிமுத்து கையை விரித்தார். மண்டபத்து முதலாளி சிங்கப்பூரில் இருக்கிறார். போன் போட்டால், போலீஸை அனுசரித்துப் போகச் சொன்னார். ஸ்டேஷனில் கலெக்டர் ஆபீஸைப் பார்க்கச் சொன்னார்கள். கலெக்டர் ஆபீஸில் கமிஷனர் ஆபீஸைப் பார்க்கச் சொன்னார்கள். கமிஷனர் ஆபீஸில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பரிசீலனையில் உள்ளது என்று மெசேஜ் வந்தது.

இதற்கிடையில் வரதன் போன் செய்தார். "ஸ்வாமி, விஷயம் காதுல விழுந்தது. பெரிய ஹால்தான் கொடுத்தாச்சு, மாடி ஹால் அன்னிக்குக் காலியா இருக்கு. பெருமாள் கிருபையில குழந்தை கல்யாணம் க்ஷேமமா நடக்கட்டும். சங்கோசப்படாம எடுத்துக்கோங்கோ" என்றார். நியாயமாகப் பார்த்தால் நான் அந்த நிமிஷமே சம்மதித்திருக்க வேண்டும். என் மனசு அப்படிப் போகவில்லை. கீழே பெரிய ஹாலில் யாரோ ஊஞ்சல் கட்டி அமர்க்களமாகக் கல்யாணம் நடத்துவார்கள், நான் வரதன் தயவில் மாடியில் ஒண்டிக்கொண்டு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதா? தேவைப்பட்டால் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் சவரிமுத்துவிடம், இன்னும் எத்தனை மனு கொடுத்தால் விடுவார்கள் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "எனக்கென்ன சார் தெரியும்? மனு குடுத்துட்டு வீட்டுல இருக்கறவங்க யாரையும் நான் இங்க கூட்டிட்டு வந்ததில்லை, அவங்க காரியம் என்னாச்சுன்னு நான் எங்க கண்டேன்?"

ஐந்தாவது ஆள்

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, மண்டபத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, வாசலுக்கு எதிரே ரோட்டில் உட்கார்ந்தேன். என்னோடு சமையல்காரர் பக்கிரி, செல்வி, வாட்ச்மேன். மொத்தம் நாலு பேர். எத்தனையோ மறியல்காரர்களுக்குச் சாப்பாடு போட்டவன், உட்கார்ந்த பிறகு என்ன கத்துவது என்று தெரியாமல் முழித்தேன். பக்கிரிதான் சமாளித்து, "வேண்டும் வேண்டும், மண்டபம் வேண்டும்!" என்று ஆரம்பித்தார். ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "யோவ், நாலு பேருக்கு ஒரு மறியலாய்யா? ஓரமா போயி உக்காருங்கய்யா!" என்றார். வெயிலைவிட அது அதிகமாகச் சுட்டது.

சவரிமுத்து ஓடி வந்தார். எங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்து நிம்மதியானார். "நாலு பேர்தான் சார். அஞ்சு பேர் இருந்தாத்தான் சட்டவிரோதக் கூட்டம். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள எந்திரிச்சிருங்க, நான் எதையும் பாக்கலை" என்று கெஞ்சினார். அந்த நேரத்தில்தான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டோடு சம்பந்தி இறங்கினார். என்ன ஏது என்று கேட்டார். "அன்னிக்குக் கல்யாணத்துக்கு மண்டபம் கிடையாதாம். வேற வழி தெரியலைங்க" என்றேன். அவர் பத்திரிகைக் கட்டை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு, தோள் துண்டைத் தார் ரோட்டில் விரித்து, என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சு ஆயிருச்சே சார்! இவரை இப்ப யாரு வரச் சொன்னா?"

மாடி ஹால்

இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று முறை எழுந்திருக்கச் சொன்னார். நாங்கள் எழுந்திருக்கவில்லை, கைதானோம். பஸ்ஸில் ஏற்றிய பிறகுதான் அவர்களுக்கு ஒரு சிக்கல். கைதானவர்களை வழக்கமாக வைக்கும் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, சாவி கைதானவன் இடுப்பில் இருக்கிறது. "மண்டபத்தைத் திறங்க சார், உங்களை உள்ள வைக்கணும்" என்று சவரிமுத்து கேட்டார். கைதானவனுக்கு மேனேஜர் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். அன்றைக்கு அஷ்டமி, எங்கும் முகூர்த்தம் இல்லை. பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டி நேரே வரதன் மண்டபத்து வாசலில் போய் நின்றது.

வரதன் பதறிப்போய் ஓடி வந்து கைகூப்பி வரவேற்றார். என் மண்டபத்தில் கைதானவர்களுக்குக் காகிதத் தட்டில் சாம்பார் சாதம். இங்கே தலைவாழை இலை, இரண்டு கறி, அக்காரவடிசல். கைதியாகப் போனாலும் அவர் மண்டபத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பந்தி ரசித்துச் சாப்பிட்டார். நெய்யை ஊற்றிக்கொண்டே வரதன் கள்ளங்கபடம் இல்லாமல் பேச ஆரம்பித்தார். "இத்தனை சிரமம் எதுக்கு ஸ்வாமி? அடியேன்தான் மாடி ஹாலைத் தரேன்னு அன்னிக்கே சொன்னேனே, ஞாபகம் இல்லையோ?" என்றார். சம்பந்தியின் கை இலையிலேயே நின்றது. என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அப்ப நாம எதுக்குங்க சம்பந்தி ரோட்டுல உக்காந்தோம்?"

ஒன்பது நிபந்தனைகள்

மூன்று வருஷ மனுவுக்கு வராத பதில் இரண்டே நாளில் வந்தது. முன்னெச்சரிக்கைக் கைதுகளை ஊர்க்கோடியில் ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்வார்கள், என் மண்டபத்துக்கு அன்று ஒரு நாள் விலக்கு. ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் அதே படிவம்தான். 'ஆர்ப்பாட்டம்' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 'திருமணம்' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். ஒன்பது நிபந்தனைகள். காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். வெளியே ஒலிபெருக்கி கூடாது. ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை. மாப்பிள்ளை அழைப்பு நடந்தால் அதுவும் ஊர்வலம்தான் என்று விளக்கமும் சொன்னார்கள். அரசுக்கு எதிராக முழக்கம் எழுப்பக் கூடாது. அசம்பாவிதம் ஏதும் நடந்தால் ஏற்பாட்டாளரே முழுப் பொறுப்பு. ஏற்பாட்டாளர் என்ற இடத்தில் பெண்ணின் தகப்பன் கையெழுத்துப் போட்டேன்.

கூடவே இன்னொரு காகிதத்தையும் சவரிமுத்து நீட்டினார். பொதுமக்களுக்கு இடையூறாகச் சட்டவிரோதமாகக் கூடியதற்காக எங்கள் ஐந்து பேர் மேலும் வழக்கு. நான் கேட்டது நியாயம் என்றுதானே விலக்குக் கொடுத்தீர்கள், பிறகு வழக்கு எதற்கு என்று கேட்டேன். "நியாயமா கேட்டதுக்கு மண்டபம், ரோட்டுல உக்காந்து கேட்டதுக்குக் கேஸு. ரெண்டும் வேற வேற பிரிவு சார்."

முதல் எதிரி

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஒன்பது மணிக்குள் தாலி ஏறிவிட்டது. மாப்பிள்ளை மேளம் இல்லாமல் காரில் வந்து இறங்கினார். நாதஸ்வரக்காரர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வாசித்தார். வரதன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரம திருப்தி ஸ்வாமி" என்றார். நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவர் பொறாமையே படவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வழக்குக் காகிதத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர்களைப் போலீஸ் எழுத்தில் எதிரி என்பார்கள். முதல் எதிரி: தங்கராசு, காட்டூர். இரண்டாம் எதிரி நான். மறியலுக்கு மறுநாள் வந்த பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதிலும் 'காட்டூர் தங்கராசு தலைமையில் ஐந்து பேர் மறியல்' என்று போட்டிருக்கிறது. யோசனை என்னுடையது, வாசல் என்னுடையது, ஆட்களும் என்னுடையவர்கள். கடைசியாக வந்து உட்கார்ந்தவர் தலைவர்! சவரிமுத்துவைக் கேட்டால், வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தாரே, அவர்தான் தலைவர் என்று எழுதிவிட்டேன் என்கிறார்.

மறுவீட்டுக்குக் கவிதா வந்திருந்தாள், கூடவே சம்பந்தியும். சமையலறையில் அவள் தன் மாமனாருக்குச் சர்க்கரை போடாத காபி கலந்துகொண்டிருந்தபோது, அவளிடம் பேப்பரைக் காட்டிப் புலம்பினேன். முதலில் உட்கார்ந்தது நான், பஸ்ஸில் இருந்தவனிடம் திட்டு வாங்கியது நான், பெயர் மட்டும் அவருக்கா என்று கேட்டேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மாடி ஹால் விஷயத்தை யார் அவளிடம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றாள். "மாமா என் கல்யாணத்துக்காக உக்காந்தாருப்பா. நீங்க மண்டபத்துக்காகத்தானே உக்காந்தீங்க?"

அந்த வழக்குக்கு இன்னும் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது, கோர்ட்டில் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் முன்னால் போய் நிற்கிறார், நான் பின்னால் போய் நிற்கிறேன், அந்த வரிசையில் தப்பில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை வாய்தா வேண்டியிருந்தது.